இரப்பர்த் தொழிலும் மெய்நிகர் ஆலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் சங்கத்து ஆண்டு விழா மேடையில் கம்பனும் வள்ளுவரும் இளங்கோவும் பேசப்பெறுவது வழக்கம். அவ்வழக்கிற்கு மாறாக, ரெயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம், பள்ளி இறுதித் தேர்வுக்கு மேல் படித்திராத நாம், இரப்பர் ஆலையைப் பற்றியும் கணிப்பொறியைப் பற்றியும் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். இதற்குக் காரணம் இரண்டு உண்டு.

முதற் காரணம் நாம் வாழும் இடம். இந்த ஊக்ளி ஆற்றங்கரை, இந்திய இரப்பர்த் தொழிலின் வரலாற்றில் இடம்பெற்ற மண்ணாகும். நாட்டின் முதல் டயர் ஆலை 1936-ஆம் ஆண்டில் இங்கே பந்தேல் சந்திப்பை அடுத்துள்ள சாஹாகஞ்சில்தான் எழுந்தது. அவ்வாலையின் பணி 2011-ஆம் ஆண்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓர் ஆலை திறக்கும்போது ஓர் ஊர் எவ்வாறு பெருகுகின்றது, அது மூடும்போது கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் எவ்வாறு ஒடுங்குகின்றன என்பதை இக்கரையில் வாழ்வோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் நம் மொழி. புதிய அறிவுத்துறை ஒன்று தோன்றினால், அதனைத் தமிழில் சொல்லிப் பார்க்கும் வரையில் அது நமக்கு அந்நியமாகவே நிற்கும். நம் பிள்ளைகளுள் சிலர் இரப்பர்த் தொழிலகங்களில் வேலை தேடிக் கொண்டிருக்கின்றனர். அவர்கள் நாளை காணப்போகும் 'மெய்நிகர் ஆலை' யாது, அதனால் யார்க்கு நன்மை, யார்க்குத் தீமை என்பதை இன்று நாம் நம் மொழியில் எண்ணிப் பார்ப்போமாக.

இரப்பரின் இயல்பு

மெய்நிகர் ஆலையைப் பற்றிப் பேசுமுன் இரப்பரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பென்சில் எழுத்தை அழிக்க இப்பொருள் உதவும் என்று 1770-இல் இங்கிலாந்து அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்து வைத்தார். தேய்த்து அழிப்பதனாலேயே ஆங்கிலத்தில் இப்பெயர் அமைந்தது. அக்காலத்து இரப்பரிடம் பெருங்குறை ஒன்று இருந்தது. கோடையில் அது பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். குளிர்காலத்தில் விறைத்து வெடிக்கும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடேற்றிய இரப்பர் அவ்விரு குறையும் நீங்கி உறுதி பெறுவதைக் கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் அதே வழியைக் கண்டறிந்து காப்புரிமை பெற்றார். இச்செயலை வல்கனைசேஷன் என்பர் நூலோர். 'க்யூரிங்' என்பர் ஆலைத் தொழிலாளர். இவ்வுரையில் 'வேகவைத்தல்' என்றே வழங்குவோம்.

1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து எழுபதாயிரம் அளவிலான இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. ஆசிய நாடுகளில் இரப்பர்த் தோட்டங்கள் பரவியது அதன் பின்னரே. இந்தியாவில் வாணிகத்திற்கான முதல் தோட்டம் 1902-இல் கேரளத்துத் தட்டேக்காட்டில் அமைந்தது. இன்று கேரளமும், நம் கன்னியாகுமரி மாவட்டமும் இரப்பர்ப் பாலுக்குப் பெயர் பெற்றவை.

வேகவைத்தலின் இயல்பை நாம் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். இரும்பு வார்ப்புப் பிழைபட்டால் மீண்டும் உருக்கி வார்க்கலாம். பொன் நகை பிழைபட்டாலும் அவ்வாறே. வெந்த இரப்பரோ மீண்டும் உருகாது. வெந்த சோறு மீண்டும் அரிசியாவதில்லை அன்றோ? இரப்பரின் நீண்ட மூலக்கூற்று இழைகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்து விடுகின்றது. அப்பிணைப்பை அவிழ்ப்பது எளிதன்று. ஆகவே, இரப்பர் ஆலையில் ஒவ்வொரு தவறும் கழிவுக் குவியலில் போய்ச் சேரும் பொருளாகவே முடிகின்றது. மூலப்பொருள், மின்சாரம், நீராவி, தொழிலாளியின் உழைப்பு ஆகிய நான்கும் ஒருங்கே வீணாகின்றன. மெய்ப்பொருளின்மீது சோதனை செய்து பார்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் தொழில் இது. அதனால்தான், பொருளைத் தொடாமல் கணக்கிலேயே சோதித்துப் பார்க்கும் வழி இத்தொழிலுக்குப் பெரிதும் ஏற்றது என்கின்றோம்.

மாதிரி என்பது நமக்குப் புதிதன்று

மெய்நிகர் ஆலை என்பது மெய்யன்று, மெய்யை ஒத்தது. ஓர் ஆலையின் இயந்திரங்கள், பொருள்கள், தொழிலாளர், நேரம் ஆகியவற்றை எண்களாக்கிக் கணிப்பொறிக்குள் அமைத்து, அங்கே ஆலையை ஓட்டிப் பார்ப்பதே இதன் பொருள்.

ரெயில்வேயில் இருப்போர்க்கு இவ்வெண்ணம் புதிதன்று. நம் பயிற்சிப் பள்ளிகளில் மாதிரி அறை என்று ஒன்று உண்டு. சிறு தண்டவாளம், சிறு கைகாட்டி, சிறு நிலையம் யாவும் மேசைமீது அமைந்திருக்கும். அங்கே இரு வண்டிகள் மோதினால் உயிர்ச்சேதம் இல்லை. பாடம் மட்டும் மிஞ்சும். கண்ட்ரோல் அலுவலகத்தில் வரையப்படும் கோட்டுப்படத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. விரைவு வண்டியின் கோடு செங்குத்தாகவும், சரக்கு வண்டியின் கோடு படுத்தும் இருக்கும். ஒற்றைப் பாதையில் இரு கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ, அங்கே ஒரு வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். வண்டி புறப்படுமுன்பே அது எங்கே நிற்கும் என்பதைத் தாளில் காண்கின்றோம். அத்தாள் ஒரு மெய்நிகர் ரெயில்வே என்றால் மிகையாகாது.

ஆலைக்கும் இத்தகைய தாள் ஒன்று உண்டு. அத்தாளில் மூன்று அடுக்குகள் அமைகின்றன. முதலாவது பொருளின் கணக்கு. இரண்டாவது ஓட்டத்தின் கணக்கு. மூன்றாவது மெய்யாலைக்கும் கணக்காலைக்கும் உள்ள தொடர்பு. ஒவ்வொன்றாகக் காண்போம். எடுத்துக்காட்டிற்கு டயரை விட்டுவிட்டு, நம் துறைக்கே உரிய ஒரு பொருளைக் கொள்வோம். கான்கிரீட் ஸ்லீப்பரின்மீது தண்டவாளம் அமரும் இடத்தில் வைக்கப்படும் இரப்பர்த் தட்டே அது. முதன்மைப் பாதைகளில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்கள் இடுவது வழக்கம். ஸ்லீப்பருக்கு இரண்டு தட்டு வீதம் கிலோமீட்டருக்கு 3,320 தட்டுகள் வேண்டும். வண்டியின் அதிர்ச்சியைத் தாங்கி ஸ்லீப்பரைக் காப்பவை இவையே.

பொருளின் கணக்கு

இரப்பர்த் தட்டு எவ்வாறு உருவாகின்றது? கட்டி இரப்பரை வெட்டி, கலவை இயந்திரத்தில் இட்டுப் பிசைவர். 1916-இல் பேன்பரி என்பவர் அமைத்த மூடிய கலவை இயந்திரம் இன்றும் அவர் பெயராலேயே ஆலைகளில் வழங்குகின்றது. இரப்பரை 100 பங்கு எனக் கொண்டு, கார்பன் பிளாக், எண்ணெய், துத்தநாக ஆக்சைடு, கந்தகம், வேகத்தை விரைவுபடுத்தும் மருந்து முதலிய யாவற்றையும் அந்த நூற்றின் கணக்கிலேயே அளந்து சேர்ப்பர். முதற்கட்டக் கலவையில் சூடு 150 டிகிரி அளவுக்கு ஏறலாம். கந்தகம் சேரும் இறுதிக் கட்டத்திலோ 110 டிகிரியை ஒட்டி நிறுத்த வேண்டும். தவறினால் அச்சில் வேகவேண்டிய பொருள் கலவையிலேயே வேகத் தொடங்கிவிடும். இதனைத் தொழிலாளர் 'ஸ்கார்ச்' என்பர். முன்வேக்காடு என்று நாம் சொல்லலாம். பின்னர் இரட்டை உருளை மில்லில் தகடாக்கி, குளிர்வித்து, துண்டு வெட்டி, சூடான அச்சில் வைத்து அழுத்தி வேகவைப்பர். வெந்த தட்டின் ஓரப் பிசிறை அறுத்து, சோதித்து, கட்டி அனுப்புவர்.

இங்கே வேக்காட்டிற்கு இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று, சூடு பொருளுக்குள் எவ்வாறு பரவுகின்றது என்பது. 1822-இல் பிரான்சு நாட்டுப் பூரியே இதற்குச் சமன்பாடு வகுத்தார். இரப்பர் சூட்டை மிகத் தயங்கியே கடத்தும். சாதாரண எஃகு அதனினும் ஏறத்தாழ இருநூறு மடங்கு விரைவாகக் கடத்தும். சூடு நடுவரை சென்று சேரும் காலம் பருமனின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். ஆகவே, பருமன் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். நம் தட்டுகளில் 6 மில்லிமீட்டர் பருமன் உள்ளவையும் உண்டு. 10 மில்லிமீட்டர் பருமன் உள்ளவையும் உண்டு. பருமன் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தானே என்று எண்ணி, நேரத்தையும் ஒன்றரை மடங்காக்கினால் பிழை நேரும். சூடு உட்புகும் காலம் ஏறத்தாழ 2.8 மடங்காகின்றது. மேலே பளபளத்து உள்ளே வேகாத தட்டு, சரக்கு வண்டியின் பாரத்தை நெடுநாள் தாங்காது.

மற்றொன்று, எந்தச் சூட்டில் எவ்வளவு விரைவாக வேகும் என்பது. சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் 1889-இல் தந்த விதி இதற்குப் பயன்படுகின்றது. ஆலைகளில் வழங்கும் எளிய வாய்பாடு ஒன்றுண்டு: சூடு 10 டிகிரி ஏறினால் வேக்காட்டு விரைவு ஏறத்தாழ இருமடங்காகும். 150 டிகிரியில் பத்து நிமிடம் பிடிப்பது, 160 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் முடியும். 140 டிகிரியில் இருபது நிமிடம் கேட்கும். ரியோமீட்டர் என்னும் கருவி ஒரு சிறு துண்டை வேகவைத்து, அது இறுகும் போக்கை வளைகோடாக வரைந்து தருகின்றது. அவ்வளைகோட்டையும் பூரியேயின் கணக்கையும் சேர்த்தால், தட்டின் மேற்பரப்பு, நடு, மூலை ஆகிய ஒவ்வொரு புள்ளியும் எந்த நிமிடத்தில் எவ்வளவு வெந்திருக்கும் என்பதைக் கணிப்பொறி காட்டிவிடும். நூறு தட்டுகளைக் கெடுத்து அறிய வேண்டியதை, ஒரு தட்டும் கெடாமல் அறியலாம்.

ஓட்டத்தின் கணக்கு

இனி இரண்டாம் அடுக்கு. இது சரக்கு எழுத்தரின் மனத்திற்கு நெருங்கியது. கணக்கிற்காகச் சில எண்களைக் கொள்வோம். ஓர் ஆலையில் அழுத்தும் பிரஸ் ஒன்று. அச்சில் இருபது குழிகள். வேக எட்டு நிமிடம். ஏற்றி இறக்க நான்கு நிமிடம். ஆகப் பன்னிரண்டு நிமிடத்திற்கு இருபது தட்டு. மணிக்கு நூறு தட்டு. ஓரத்தை அறுக்கும் மேசையில் ஒரே தொழிலாளி. அவரால் மணிக்கு எண்பது தட்டு முடியும்.

உரிமையாளர் உற்பத்தியைப் பெருக்க விரும்புகின்றார். பெருஞ்செலவில் இரண்டாவது பிரஸ் வாங்குகின்றார். விளைவு என்ன? மணிக்கு இருநூறு தட்டு வெந்து வரும். அறுபடுவது அதே எண்பது. மேசையருகே மணிக்கு நூற்றிருபது வீதம் குவியும். வெளியே செல்லும் சரக்கில் ஒரு தட்டும் கூடவில்லை. பிரஸ் வாங்காமல் மேசையில் இன்னும் ஒரு தொழிலாளியை அமர்த்தியிருந்தால், மணிக்கு எண்பது நூறாக உயர்ந்திருக்கும். ஒரு கிலோமீட்டர்ப் பாதைக்கான 3,320 தட்டுகள், நாற்பத்தொன்றரை மணியில் முடிவதற்கு மாறாக, முப்பத்து மூன்று மணியளவில் முடியும். ஒரு முழு ஷிப்டு மிச்சம்! யார்டில் ஒரே ஒரு பாயிண்ட் பழுதுபட்டால், எத்தனை என்ஜின் வந்தும் பயனில்லை என்பதை நாம் அறிவோம். ஆலையிலும் நீதி அதுவே.

இவ்வளவிற்குக் கணிப்பொறி எதற்கு, காகிதம் போதாதா என்று கேட்கலாம். எல்லாம் சீராக ஓடினால் காகிதமே போதும். ஆனால், மெய்யான ஆலை சீராக ஓடுவதில்லை. மின்சாரம் நின்றுவிடும், அச்சில் தட்டு ஒட்டிக்கொள்ளும், ஒரு கலவை நான்கு நிமிடத்தில் முடியும், அடுத்தது ஏழு நிமிடம் பிடிக்கும். ஒழுங்கின்றி வருவோர்க்கு எவ்வளவு காத்திருப்பு நேரும் என்பதை முதன்முதல் முறையாகக் கணக்கிட்டவர் டென்மார்க் நாட்டு எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த அவர் 1909-இல் அதனை வெளியிட்டார். அக்கணக்கின் ஓர் எளிய முடிவைக் கேளுங்கள். வரவும் வேலையும் ஒழுங்கற்று இருக்கும் ஒரே சாளரம். அது நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் வேலையில் இருந்தால், சராசரியாக நால்வர் அங்கே நிற்பர். தொண்ணூறு பங்கானால் ஒன்பதின்மர். தொண்ணூற்றைந்து பங்கானால் பத்தொன்பதின்மர்! வேலை சிறிது கூடுகின்றது. வரிசையோ மளமளவென்று நீள்கின்றது. டிக்கெட் சாளரத்தில் அமர்ந்தவர்க்கு இவ்வுண்மை எழுத்தறியாமலே தெரியும்.

இரப்பர் ஆலையில் இதற்குத் தனி ஆபத்து உண்டு. நம் சரக்குக் கொட்டகையில் வாகன் காத்து நின்றால் டெமரேஜ் விழும், பொருள் கெடுவதில்லை. கந்தகம் கலந்த சூடான இரப்பர் காத்து நின்றால் பொருளே முன்வேக்காடு கண்டு கெடும். எனவே, இங்கே பொருளின் கணக்கும் ஓட்டத்தின் கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இரண்டையும் ஒருங்கே ஓட்டிப் பார்க்கக் காகிதத்தால் ஆகாது.

இதற்குக் கைகொடுத்த வழி நாற்பதுகளில் பிறந்தது. 1946-இல் நோயினின்று தேறிவந்த கணித அறிஞர் உலாம், சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பை எவ்வாறு கணக்கிடுவது என்று சிந்தித்தார். சூத்திரத்தால் முயல்வதினும், பலமுறை ஆடிப்பார்த்து எண்ணுவது எளிது என்று கண்டார். நியூமன் என்னும் பேரறிஞருடன் சேர்ந்து அதனைக் கணிப்பொறி முறையாக வளர்த்தார். சூதாட்டத்திற்குப் பெயர் பெற்ற நகரின் பெயரால் இம்முறை 'மாண்டி கார்லோ' எனப்படுகின்றது. ஐம்பதுகளில் இங்கிலாந்து எஃகு ஆலைகளுக்காக டோச்சர் என்பவரும், 1961-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கார்டன் என்பவரும், அறுபதுகளில் நார்வேயில் டால், நைகார்டு இருவரும் இத்தகைய பாவனை ஓட்டத்திற்கென்றே கணிப்பொறி நெறிகளையும் மொழிகளையும் அமைத்தனர். இன்று ஒரு சாதாரணக் கணிப்பொறியே ஆலையின் ஓராண்டு ஓட்டத்தைச் சில நிமிடங்களில் ஓட்டிவிடும். நூறு வேறு ஆண்டுகளை ஓட்டி, எத்தனை ஆண்டுகளில் சரக்கு தவணைக்குள் முடிந்தது என்றும் சொல்லிவிடும்.

நிழலும் இரட்டையும்

மூன்றாம் அடுக்கு, மெய்யாலைக்கும் கணக்காலைக்கும் உள்ள தொடர்பு. 1970-இல் அப்பல்லோ 13 விண்கலம் நடுவழியில் பழுதுற்றபோது, தரையிலிருந்த பாவனைக் கலங்களில் வழிகளை ஒத்திகை பார்த்து விண்வெளி வீரர்க்குச் சொல்லி அனுப்பினர். மெய்க்கலத்தின் நிலைக்கேற்பத் தரைக்கலத்தையும் மாற்றி அமைத்தனர். அவ்வெண்ணமே வளர்ந்து, 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் என்பவரால் ஆலைப் பொருள்களுக்கு உரிய கொள்கையாக விளக்கப்பட்டது. 'டிஜிட்டல் டிவின்', அஃதாவது எண்ணிம இரட்டை, என்னும் பெயர் 2010-இல் அமெரிக்க விண்வெளித் துறையின் திட்ட அறிக்கையில் இடம்பெற்றது. 2023-இல் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனம், ஹங்கேரி நாட்டு டெப்ரெசென் நகரில் தான் கட்டிவந்த ஆலையை மெய்யாக ஓட்டுவதற்கு ஈராண்டு முன்னரே கணிப்பொறியில் ஓட்டத் தொடங்கியதாக அறிவித்தது.

இங்கே மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிதல் நன்று. எண்களைக் கையால் இட்டு ஓட்டுவது 'மாதிரி'. ஆலையின் கருவிகளிலிருந்து செய்தி தானாக வந்து கணக்காலையை மாற்றிக்கொண்டே இருந்தால் அது 'நிழல்'. கணக்காலையின் முடிவும் திரும்பிச் சென்று மெய்யாலையின் சூட்டையும் நேரத்தையும் தானே மாற்றுமானால் அது 'இரட்டை'. விற்பனைக்கு வருவோர் மூன்றையும் 'இரட்டை' என்றே சொல்லி விலை கூறுவர். வாங்குவோர் விழிப்போடிருத்தல் வேண்டும். சிறு தொழிலகத்திற்கு மாதிரியே பல வேளைகளில் போதும்.

எழுத்தரின் பங்கு

இத்தனை பெருமையும் எதன்மேல் நிற்கின்றது? பதிவேட்டின்மேல் நிற்கின்றது. இதனைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகின்றோம். பிரஸ் எத்தனை முறை நின்றது, எத்தனை நிமிடம் நின்றது, எந்தக் கலவை எந்நேரம் இறங்கியது என்னும் செய்திகளை எழுதுவோர் நம் போன்ற சிறு எழுத்தர்களும் ஷிப்டுத் தொழிலாளர்களுமே. ஏழு நிமிட நிறுத்தத்தைப் 'பத்து' என்று எழுதுவதும், மூன்று நிமிட நிறுத்தத்தை எழுதாமலே விடுவதும் எங்கும் காணும் வழக்கம். ஒரு ஷிப்டில் மூன்று நிமிட நிறுத்தம் பதினாறு முறை நேர்ந்தால் நாற்பத்தெட்டு நிமிடம். எட்டு மணியில் பத்தில் ஒரு பங்கு! ஏட்டில் அது இல்லையென்றால், கணக்காலையிலும் அது இல்லை. அப்போது கணிப்பொறி நூறு தட்டு என்னும். மெய்யாலை தொண்ணூறு தரும். 'உன் சோம்பலே காரணம்' என்று பழி தொழிலாளியின் தலையில் விழும்.

பதிவேட்டில் ஏறாத அறிவும் உண்டு. இயற்கை இரப்பர் மரத்திலிருந்து வருவது. மழைக்காலமும் வேனிற்காலமும், மரத்தின் இனமும், உலர்த்திய முறையும் அதன் பதத்தை மாற்றும். இருபது ஆண்டு மில்லில் நின்ற தொழிலாளி, உருளையில் சுற்றும் தகட்டைப் பார்த்தும் தொட்டும் மணத்தாலும் 'இன்று சரக்கு வேறு' என்று சொல்லிவிடுவார். அவரைக் கேளாமல் அமைத்த மாதிரி அரைகுறையாகவே நிற்கும். அவரைக் கேட்டு அமைத்த பின், 'இனி நீர் வேண்டாம்' என்று சொல்வது அறமாகாது. அவர் தந்தது அறிவு. அதற்கு மதிப்பும் ஊதியமும் உண்டு. இதைத் தொழிற்சங்கங்கள் ஒப்பந்தப் பேச்சிலேயே கேட்டுப் பெறல் வேண்டும்.

வேலைக்கு ஊறு நேருமா?

இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்கள் மனத்தில் எழும் வினா இதுவே என்று அறிவோம். ஒளிக்காமல் விடை சொல்வோம். நேரவும் கூடும். ஓர் ஆலையை எத்தனை ஆள் குறைத்து ஓட்டலாம் என்று கேட்டால் கணக்காலை அதற்கும் விடை தரும். எங்கே ஓர் ஆள் கூடினால் அனைவர்க்கும் நன்மை என்று கேட்டால் அதற்கும் தரும். நாம் சற்று முன் கண்ட கணக்கு, ஓர் ஆளைக் கூட்டச் சொன்னது அன்றோ? கேள்வியை எழுதுவோர் யார் என்பதைப் பொறுத்தது விடை. ஆதலால், கேள்வி எழுதும் மேசையில் தொழிலாளர் பக்கத்திலிருந்தும் ஒருவர் அமர வேண்டும். அமர வேண்டுமானால், இக்கணக்கைப் படித்தறிந்தவர் நம்மிடையே இருக்க வேண்டும்.

மற்றொரு நன்மையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இரட்டை உருளை மில், இரப்பர் ஆலைகளில் மிகக் கொடியது. இரு உருளைகளும் உள்நோக்கிச் சுழலும் இடுக்கில் விரல் சிக்கினால் கை முழுதும் இழுபடும். உருளையை உடனே நிறுத்தும் கம்பி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. புதிதாய்ச் சேரும் இளைஞன், மெய்யான மில்லைத் தொடுமுன், மெய்நிகர் மில்லில் நூறு முறை பழகலாம்; அங்கே சிக்கும் விரலுக்குக் காயமில்லை. தள்ளுவண்டியும் ஆளும் குறுக்கிடும் இடம் எது, சூட்டில் நெடுநேரம் நிற்போர் யார் என்பதையும் வரைபடத்திலேயே கண்டு திருத்தலாம். ஒரு கையைக் காத்தாலும் இக்கலை தன் செலவை ஈட்டிவிட்டதாகவே கொள்வோம்.

மற்றபடி, மெய்நிகர் ஆலை எல்லா நோய்க்கும் மருந்து என்று கூறமாட்டோம். முதலீடு, சந்தை, நிர்வாகத்தின் எண்ணம் ஆகியவற்றால் நலியும் ஆலையைக் கணிப்பொறி மாதிரி எழுப்பிவிடாது. வேகாத தட்டையும், வீணாகும் நீராவியையும், தவறான இடத்தில் வாங்கும் இயந்திரத்தையும் தடுப்பது மட்டுமே அதன் எல்லை. அந்த எல்லைக்குள் அது செய்யும் உதவி பெரிது.

சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்

முடிக்குமுன் செயற்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, நம் சங்க நூலகத்தில் வாரம் ஒரு மாலை, இளைஞர்க்கு இக்கணக்கைப் பயிற்றும் வகுப்பு நடைபெற வேண்டும். விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன. பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் இயங்கும் 'சிம்பை' என்பது ஓட்டக் கணக்கிற்கு உதவும். சூட்டுக் கணக்கிற்குச் சாதாரண விரிதாளே தொடக்கத்திற்குப் போதும். பத்தாம் வகுப்புக் கணிதம் அறிந்தவர் எவரும் தொடங்கலாம்.

இரண்டாவது, இரப்பர்க் கல்வி எங்கே கிடைக்கும் என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைக்க வேண்டும். நம் மாநிலத்திலேயே கரக்பூர் ஐ.ஐ.டி.யில் இரப்பர்த் தொழில்நுட்ப மையம் உள்ளது. சென்னைக் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வளாகத்தில் இரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத் துறை உள்ளது. கோட்டயத்தில் இரப்பர் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இயங்கி வருகின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லும் வழியில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டுவதும் கல்வியே.

மூன்றாவது, இத்துறைக்குத் தமிழ்ச் சொல்லடைவு ஒன்றை நாம் தொகுக்க வேண்டும். மெய்நிகர் ஆலை, வேக்காடு, முன்வேக்காடு, பாவனை ஓட்டம், எண்ணிம இரட்டை என்று இன்று நாம் வழங்கிய சொற்களை அறிஞர்கள் ஆராய்ந்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவார்களாக. ஆலையில் தொழிலாளர் வாயில் வழங்கும் சொற்களையும் உடன் எழுதி வைக்க வேண்டும். அவை மறைந்தால் அவற்றோடு அவர்களின் கைத்திறனும் மறையும். அடுத்த ஆண்டு மலர் அச்சேறுமுன் நூறு சொற்களாவது சேர்ந்தால் அதுவே நல்ல தொடக்கம். அப்பணியில் எழுத்து வேலை முழுவதையும் ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.